படிக்காத புத்தகங்கள் ஏன் குவிகின்றன, அவற்றை என்ன செய்வது?

ஒரு புத்தகத்தை வாங்கச் சில நிமிடங்கள் போதும். அதையே படித்து முடிக்க, 250 பக்கம் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படிக்காத புத்தகங்கள் வீட்டில் சேர்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. வாங்குவதும் படிப்பதும் ஒரே ஆசையிலிருந்துதான் பிறக்கின்றன. ஆனால் இரண்டின் வேகமும் வேறு வேறு.

அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். சோம்பல், வீண்செலவு, ஒழுங்கின்மை என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொள்கிறார்கள். இந்தக் குற்றவுணர்வை நான் உண்மையிலேயே கெடுதலானதாகக் கருதுகிறேன். நல்ல வாசகர்களையே அது வாசிப்பிலிருந்து விலக்கிவிடுகிறது. எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் மற்றவற்றைப் படிக்கவில்லையே என்ற உறுத்தல் கூடவே வருகிறது. கடைசியில் எதையும் எடுக்காமலேயே எழுந்து போய்விடுகிறார்கள். குவியலுக்குப் பின்னால் இருப்பது ஓர் எளிய கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால் உறுத்தல் பெருமளவு குறையும். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியவரும்.

நீங்கள் எவ்வளவு படிக்கிறீர்கள்?

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படிக்கிறீர்கள், ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 15 பக்கம். ஒரு நாளும் தவறாமல் படித்தால் ஆண்டுக்கு 5,475 பக்கம். 250 பக்கப் புத்தகங்களாக எண்ணினால் சுமார் 22. யாரும் ஒரு நாளும் தவறாமல் படிப்பதில்லை. வாரத்தில் ஐந்து நாள் என்று கணக்கிட்டால் 15 அல்லது 16 புத்தகங்கள். இந்த வேகத்தில் இருபது ஆண்டுகள் தொடர்ந்து படித்தால் முந்நூற்றுச் சொச்சம்.

முந்நூறு என்பது பலருடைய வீட்டில் இப்போதே இருக்கும் எண்ணிக்கை. இதைக் கண்டு சோர்ந்துபோக வேண்டியதில்லை. ஆனால் "என்றாவது எல்லாவற்றையும் படித்துவிடுவேன்" என்ற நினைப்பை இந்த எண் அசைத்துப் பார்க்கிறது. எல்லாவற்றையும் படிக்க முடியாது என்றால், எதைப் படிப்பது என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் சொந்த வேகத்தை ஒரு முறை அளந்து பாருங்கள். வாசிப்பு வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று ஆங்கிலக் கட்டுரைகள் சொல்லும். தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீள்வதால் அந்த எண்கள் நமக்குப் பொருந்தாது. பக்கக் கணக்கே நல்லது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் இயல்பாகப் படியுங்கள். எத்தனை பக்கம் ஆயிற்று என்று எண்ணுங்கள். நாவலுக்கு ஓர் எண், கனமான கட்டுரை நூலுக்கு வேறோர் எண் கிடைக்கும்.

இனி வாங்கும் பக்கத்தைப் பார்ப்போம். மாதம் மூன்று புத்தகம் வீட்டுக்கு வருகிறது என்றால் ஆண்டுக்கு 36. படிப்பது 16. ஆண்டுதோறும் 20 புத்தகங்கள் மிச்சம். இது ஒழுக்கக் குறைவல்ல, கழித்தல் கணக்கு.

காத்திருப்பு என்ற இழப்பு

1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் வரிசைகளைப் பற்றிய ஒரு தொடர்பைக் கணித முறைப்படி நிறுவினார். நீண்ட காலச் சராசரியில், ஒரு வரிசையில் இருப்பவர்களின் எண்ணிக்கை இரண்டு எண்களின் பெருக்கல் தொகை: வந்து சேரும் வேகம், ஒவ்வொருவரும் காத்திருக்கும் சராசரிக் காலம். தொழிற்சாலை, மருத்துவமனை, கணினி வலையமைப்பு என்று எங்கும் பயன்படும் இந்த விதி புத்தகக் குவியலுக்கும் பொருந்துகிறது.

படிக்காத புத்தகங்கள் 72 இருக்கின்றன, மாதம் மூன்று வருகின்றன, மூன்று வெளியேறுகின்றன என்று கொள்வோம். 72-ஐ 3-ஆல் வகுத்தால் 24. இன்று வாங்கும் புத்தகம் உங்கள் கையில் விரியச் சராசரியாக 24 மாதம் ஆகும். வெளியேறுவது மூன்றைவிடக் குறைவாக இருந்தால், வரிசை ஒரு நிலைக்கு வருவதே இல்லை. காத்திருப்பு நீண்டுகொண்டே போகும்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இந்தக் காத்திருப்புதான். புத்தகம் அலமாரியில் இருப்பதால் பெரிய நட்டம் இல்லை. அதை வாங்கிய நாளில் உங்கள் மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஒரு போரைப் பற்றியோ, ஒரு நோயைப் பற்றியோ, பறவைகளைப் பற்றியோ அறிய வேண்டும் என்ற தவிப்பு இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வி அங்கே இருக்காது. வேறொரு தவிப்பு வந்திருக்கும். அதற்காக வேறொரு புத்தகம் வாங்கியிருப்பீர்கள். பழைய புத்தகத்தை இப்போது எடுத்தால் ஏன் வாங்கினோம் என்றே நினைவுக்கு வராது. குவியலைக் கையாள்வது என்றால் எண்ணிக்கையைக் குறைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்வம் உயிரோடு இருக்கும்போதே புத்தகம் கைக்கு வரும்படி செய்வதுதான் உண்மையான வேலை.

இரண்டைப் பிரித்து வையுங்கள்

தொடங்குகிறவர்கள் செய்ய வேண்டிய ஒரே பெரிய மாற்றம் இது. வீட்டில் இருக்கும் படிக்காத புத்தகங்கள் அனைத்தையும் ஒரே குவியலாக எண்ணுவதை விட்டுவிட்டு, வரிசை ஒன்று, இருப்பு ஒன்று என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். அடுத்து படிக்கப் போகிறவை வரிசை. மற்றவை எல்லாம் இருப்பு, அதாவது உங்கள் சொந்த நூலகம்.

நூலகத்தில் படிக்காத புத்தகம் இருப்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. இத்தாலிய எழுத்தாளரும் அறிஞருமான உம்பெர்த்தோ எக்கோவின் வீட்டில் சுமார் 30,000 நூல்கள் இருந்ததாகச் சொல்வார்கள். லெபனானில் பிறந்த எழுத்தாளர் நசீம் நிக்கோலஸ் தாலிப் 2007-இல் எழுதும்போது இந்த நூலகத்தை எடுத்துக்காட்டி, படித்த புத்தகங்களைவிடப் படிக்காதவையே ஒருவருக்கு அதிகம் பயன்படும் என்று வாதிட்டார். நமக்கு என்ன தெரியாது என்பதை அவை கண் முன்னே நிறுத்துகின்றன என்பது அவருடைய கருத்து. இதற்கு நேர் எதிராக, முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியத் தத்துவவாதி செனெகா, வாழ்நாள் முழுவதும் தலைப்புகளைக்கூடப் படித்து முடிக்க முடியாத அளவுக்குப் புத்தகம் சேர்ப்பவர்களைக் கடிந்துகொண்டார்.

இருவர் சொல்வதும் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. எக்கோவின் புத்தகங்கள் அவருடைய வேலைக்கான கருவிகள். தேவைப்பட்ட நாளில் தேவைப்பட்ட பக்கத்தைத் திறக்க அவை அங்கே இருந்தன. செனெகா கண்டித்தது காட்சிக்காக அடுக்கப்பட்டவற்றை. அகராதி, கலைக்களஞ்சியம், உரைநூல், தொகைநூல் போன்றவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இவற்றையும் "படிக்காதவை" என்ற கணக்கில் சேர்த்துக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. முதலில் அவற்றை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். குவியல் உடனே இளைத்துவிடும்.

நூலகவியலுக்கு அடித்தளம் அமைத்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் ஐந்து விதிகளை முன்வைத்தார். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமியுங்கள், நூலகம் வளரும் உயிரி. பொது நூலகங்களுக்காகச் சொல்லப்பட்டவை என்றாலும், வீட்டு அலமாரியை வைத்துக்கொண்டு தடுமாறுகிறவருக்கும் இவற்றைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது அரிது. மூன்றாம் விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலுக்கு உரிய வாசகர் நீங்களாக இல்லாமல் வேறொருவராக இருக்கலாம். அப்படியானால் அது உங்கள் அலமாரியில் நிற்கும் ஒவ்வொரு ஆண்டும் அந்த வாசகருக்கு இழப்பு.

வரிசையில் ஐந்து முதல் ஏழு புத்தகங்கள் போதும். ஆண்டுக்கு 16 படிக்கிறவருக்கு அது நான்கைந்து மாத வாசிப்பு. லிட்டிலின் கணக்குப்படி பார்த்தால், வரிசைக்குள் வந்துவிட்ட எந்தப் புத்தகமும் சில மாதங்களுக்கு மேல் காத்திருக்காது. ஏழும் ஒரே வகையாக இருக்க வேண்டாம். கனமானது ஒன்று, ஒரே மூச்சில் முடிக்கக்கூடிய சிறியது ஒன்று, கதை ஒன்று, கவிதை ஒன்று என்று கலந்திருந்தால், களைத்த நாளிலும் எடுக்க ஏதாவது இருக்கும். ஒன்று முடிந்தால்தான் இருப்பிலிருந்து அடுத்தது வரிசைக்கு வர வேண்டும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

பிரிப்பது எப்படி

எல்லாவற்றையும் ஒரே நாளில் தரையில் இறக்காதீர்கள். பாதியில் களைத்து, தரையிலேயே விட்டுவிடுவீர்கள். ஒரு தட்டு, அடுத்த வாரம் இன்னொரு தட்டு என்று போகலாம். ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்துப் பொருளடக்கத்தையும் முதல் சில பக்கங்களையும் படியுங்கள். அட்டையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அட்டையைப் பார்த்து வாங்கியதால்தான் பாதிப் புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. சில பக்கங்களிலேயே ஒரு சில உங்களைப் பிடித்து இழுக்கும். அவை வரிசைக்கு. பயன்படும், ஆனால் இப்போது அல்ல என்பவை இருப்புக்கு. எந்த உணர்வும் எழாதவை தனியாக.

அந்த மூன்றாவது வகையைத் தொடும்போதுதான் பலருக்குக் கை நடுங்குகிறது. புத்தகத்தை வெளியே அனுப்புவது பாவம் என்றே நினைக்கிறார்கள். நூலகர்கள் அப்படி நினைப்பதில்லை. பொது நூலகங்கள் காலந்தோறும் களையெடுப்பு நடத்துகின்றன; அது அவர்களுடைய பணியின் ஒரு பகுதி. அவர்கள் பார்ப்பவை: தகவல் காலாவதியாகிவிட்டதா, புதிய பதிப்பு வந்துவிட்டதா, தாள் சிதைந்துவிட்டதா, நெடுநாளாக யாரும் எடுக்கவில்லையா, வேறெங்காவது எளிதாகக் கிடைக்குமா. கடைசிக் கேள்வி வீட்டுக்கு மிகவும் பொருந்தும். நூலகத்தில் எப்போதும் கிடைக்கிற ஒரு புத்தகத்தை நீங்கள் பாதுகாக்க வேண்டியதில்லை. அச்சில் இல்லாத சிறு பதிப்பு என்றால் கதை வேறு, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நிற்கும் புத்தகங்கள்தான் வரிசையை அடைத்துக்கொள்கின்றன. பணம் கொடுத்து வாங்கியதாயிற்றே, முடித்துத்தான் ஆக வேண்டும் என்ற எண்ணம் வலுவானது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு நாடக அரங்கின் பருவகால டிக்கெட் வாங்கியவர்களில் சிலருக்கு, இன்னாருக்கு என்று பார்க்காமல் தற்செயலாகத் தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகங்கள் இரு தரப்பினருக்கும் ஒன்றுதான். கொடுத்த பணம் அவர்களை இழுத்து வந்தது. பருவத்தின் இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு இல்லாமல் போனது.

இந்த இரண்டாம் பாதியை நான் மிகவும் கவனிக்கிறேன். பணத்தின் இழுப்பு நாளடைவில் கரைந்துவிடுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய புத்தகத்தை அதன் விலையை நினைத்து இன்று யாரும் எடுப்பதில்லை. அதன் பொருள் இன்னும் ஈர்த்தால் மட்டுமே எடுக்கிறார்கள். எனவே "காசு வீணாகிவிடும்" என்ற வாதத்துக்குப் பழைய புத்தகங்களிடம் வேலையே இல்லை. காசு வாங்கிய அன்றே போய்விட்டது. இனி செலவாகப் போவது உங்கள் எட்டு மணி நேரம்.

எத்தனை பக்கம் படித்துவிட்டுக் கைவிடலாம் என்று தயங்குகிறவர்களுக்கு, அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஒரு விதி சொன்னார். ஐம்பது பக்கம் படியுங்கள்; பிடிக்கவில்லையென்றால் வைத்துவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்துவிட்டு, மீதி எண்ணிக்கையளவு பக்கங்கள் படித்தால் போதும். அறுபது வயதுக்காரருக்கு நாற்பது பக்கம், எண்பது வயதுக்காரருக்கு இருபது. மிச்சமிருக்கும் நேரம் குறையக் குறைய, பிடிக்காத புத்தகத்துக்குக் கொடுக்கும் பொறுமையும் குறையலாம் என்கிறது இந்த விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

வந்த அன்றே பத்துப் பக்கம்

புதிய புத்தகம் வீட்டுக்கு வந்த நாளில் அதை நேரே அலமாரிக்கு அனுப்பாதீர்கள். பத்துப் பக்கமாவது படியுங்கள். ஆர்வம் அன்றுதான் உச்சத்தில் இருக்கிறது. பிறகு முதல் வெற்றுப் பக்கத்திலோ ஒரு சீட்டிலோ பென்சிலால் இரண்டு வரி எழுதி வையுங்கள்: வந்த தேதி, வாங்கிய காரணம். "இன்னார் சொன்னார்", "கடல் வணிகம் பற்றி அறிய", "முந்தைய நூல் பிடித்திருந்தது" என்று எதுவாகவும் இருக்கலாம். ஓராண்டு கழித்து வரிசைக்கு எதைக் கொண்டுவருவது என்று பார்க்கும்போது அந்த வரிகள் உங்களோடு பேசும். காரணம் செத்துப்போயிருந்தால் அதுவும் உடனே தெரிந்துவிடும். பட்டியல் வைத்துக்கொள்ளச் செயலிகள் பல இருக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகமும் அதே வேலையைச் செய்யும்.

அடுக்கும் முறையும் முக்கியம். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால், கடைசியாக வந்தது மேலே இருக்கும். அடியில் இருப்பது அங்கேயே கிடக்கும். நிமிர்த்தி நிறுத்தினால் எல்லாப் புத்தகங்களின் முதுகும் தெரியும், எதையும் தனியாக உருவலாம். ஜப்பானியப் பொருளியலாளர் யுகியோ நோகுச்சி 1990களில் தன் காகிதக் கோப்புகளுக்காகச் சொன்ன ஒரு முறையை இருப்புக்குப் பயன்படுத்திப் பாருங்கள். எடுத்துப் பார்த்த எதையும் பழைய இடத்தில் வைக்காமல் இடது ஓரத்தில் வையுங்கள். சில மாதங்களில், தொட்டவை இடப்பக்கமும் தொடாதவை வலப்பக்கமும் தாமாகவே ஒதுங்கிவிடும். அடுத்த களையெடுப்பை வலது ஓரத்திலிருந்து தொடங்கலாம். நெடுநாள் திறக்காத புத்தகங்களில் வெள்ளிப்பூச்சியும் பூஞ்சையும் சேரும் என்பதால், அந்த ஓரத்தை அவ்வப்போது எடுத்துத் தட்டி வைப்பதும் நல்லது.

வாங்குவதை நிறுத்த வேண்டுமா?

குவியல் குறையும் வரை ஒரு புத்தகமும் வாங்க மாட்டேன் என்று சபதம் எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வாசிப்பின் உயிர்ப்பே புதிய ஆர்வங்களில்தான் இருக்கிறது. அந்தக் கதவை அடைத்துவிட்டால் பழையவற்றைக் கடமையாகப் படிக்க வேண்டியிருக்கும். விகிதம் வைத்துக்கொள்வதே மேல். ஒன்று முடித்தால் ஒன்று வாங்கலாம் என்றால் குவியல் இப்போதிருக்கும் அளவிலேயே நிற்கும். குறைய வேண்டுமானால் இரண்டு முடித்த பிறகு ஒன்று. கைவிட்டு வெளியே அனுப்பியதையும் முடித்த கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆசைப்பட்டதை உடனே வாங்காமல் தேதியோடு எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்துப் பார்ப்பதும் பலன் தரும். அப்போதும் வேண்டும் என்று தோன்றுவதை வாங்குங்கள். தள்ளுபடி விற்பனைக்குப் போகும்போது அந்தப் பட்டியல் கையில் இருக்கட்டும். நூலகத்திலிருந்து எடுக்கும் புத்தகத்துக்குத் திருப்பித் தரும் தேதி இருப்பதால் அது சொந்தப் புத்தகத்தை முந்திக்கொண்டு படிக்கப்படும். வரிசையில் அவற்றுக்கென ஓர் இடம் ஒதுக்கிவிடுங்கள்.

வேக வாசிப்புப் பயிற்சி எடுத்துக் குவியலை முடித்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வாசிப்பை ஆராயும் உளவியலாளர்கள் ஐவர் 2016-இல் அதுவரையிலான சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேகம் கூடினால் புரிதல் குறைகிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. வேகத்தைக் கூட்டுவதைவிட நேரத்தைக் கூட்டலாம். நாளுக்குப் பத்து நிமிடம் அதிகமானால், மேலே போட்ட அதே கணக்கில், ஆண்டுக்கு ஐந்து புத்தகம் கூடுகிறது.

மின்னூல்களின் குவியல் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இன்னும் வேகமாக வளர்கிறது. அங்கும் இதே பிரிவினைதான். கருவியின் முதல் திரையில் வரிசையில் உள்ளவை மட்டும் இருக்கட்டும். மற்றவற்றைத் தனித் தொகுப்புக்கு மாற்றிவிடுங்கள். முழு நூலை வாங்குவதற்கு முன் மாதிரிப் பகுதியைப் படிக்க முடிகிறது என்பது மின்னூலின் பெரிய வசதி. அந்த மாதிரியை முடித்த பிறகே வாங்குவது என்று வைத்துக்கொண்டால் வரத்து வெகுவாகக் குறையும்.

வைப்பதா கொடுப்பதா என்று முடிவெடுக்க முடியாத புத்தகங்கள் சில எப்போதும் இருக்கும். அவற்றை ஒரு பெட்டியில் போட்டு மூடி, ஆறு மாதம் கழித்து வரும் தேதியை மேலே எழுதுங்கள். இடையில் எதையாவது தேடினால் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தேதி வரை தேடாதவற்றைக் கொடுத்துவிடலாம். எந்தப் புத்தகம் யாருக்குப் பொருந்தும் என்று தெரிந்தால் அவர்களுக்கே நேரில் கொடுங்கள். நூலகத்துக்குக் கொடுப்பதானால், எடுத்துக்கொண்டு போவதற்கு முன் அவர்களுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். அவர்களிடமும் அலமாரி இடம் அளவானதுதான்.